மூன்று பணத்து ஓலை

வேதாசலத்துக்கு அபராதம் விழுந்தது வைகாசியில். அதைக் கட்டுவதா வேண்டாமா என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தது ஆவணியில். இடைப்பட்ட காலத்தில் பழவேற்காட்டு மீனவர் குப்பத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. மூன்று பணம் கேட்டால் ஒருவனும் தர மாட்டான். யோசனை மட்டும் கேட்காமலே வீடு தேடி வரும்.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. ஏரியின் தென்கரையில் அவர்கள் வைத்தது சட்டம். வடகரையில் ஒரு தெலுங்குப் பாளையக்காரர் வைத்தது சட்டம். நடுவில் கிடந்த தண்ணீருக்கும் அதில் திரிந்த மீனுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. வேதாசலத்துக்கும் அதுவரை தெரியாது.

வடகரையில் ஈச்சந்துறை என்ற ஊரில் அவருடைய ஒரே மகள் லோகநாயகி வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில் ஆறு மாதம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது குப்பத்து வழக்கம். ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவன் தன் சொந்தத் தோணியில் போய் அழைத்து வர வேண்டும். அதற்கு நாள் குறித்து வரத்தான் வேதாசலம் வைகாசியில் போனார். ஒரு கூடைக் கருவாடும், மனைவி இருசம்மாள் சுட்டுக் கொடுத்த அதிரசமும் கொண்டுபோனார். நல்ல தெற்கத்திக் காற்று. உச்சிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தோணியைக் கட்டிய இடத்தில்தான் வம்பு. ஈச்சந்துறைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வழவழவென்று இழைத்த கம்பம் ஒன்று தனியாக நின்றது. பழவேற்காட்டு ஆட்கள் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். தன் பாட்டில் ஒருவன் கழி நட்டு, அதன் தலையில் பனையோலை கட்டிவிட்டால் அந்த இடம் அவனுடையது. கட்டின கையே வந்து அவிழ்க்கும்வரை வேறு கை அதில் படாது. அப்பன், பிள்ளை, அண்ணன், தம்பி என்றெல்லாம் விலக்குக் கிடையாது. ஓலை இல்லாத கழி என்றால் யாருக்கும் சொந்தமில்லாத கழி, வந்தவன் கட்டிக்கொள்ளலாம். வேதாசலம் அந்தக் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். ஓலை இல்லை. கட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.

அது பாளையக்காரரின் சுங்கத் தோணிக்கென்று நட்ட கம்பம். வடகரையில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

ஆனி ஏழாம் தேதி வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு முடிந்தது. மருமகன் ராஜவேலு அதிகம் பேசாத பையன். தலையை ஆட்டினான். மறுநாள் காலையில் வேதாசலம் துறைக்கு வந்தபோது தோணியின் முன்முனையில் ஒரு ஓலை நறுக்கு நூலால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சின் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது. கட்டிய துறை மணியக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பக்கத்தில் நின்றவனைக் கேட்டதற்கு அவன் தெலுங்கில் ஏதோ சொல்லி மூன்று விரலைக் காட்டினான். காற்று திரும்புவதற்குள் கிளம்ப வேண்டும். வேதாசலம் ஓலையோடு தோணியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

கோட்டை வாசலில் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி வேலை பார்த்தவருக்கு ஒரு பெரிய கொடுவா மீனைக் கொடுத்து ஓலையைப் படிக்கச் சொன்னார். அவர் கரைக்கு வந்து தோணிக்கு முன்னால் குனிந்து நின்று படித்தார். சுங்கக் கம்பத்தில் அந்நியத் தோணி கட்டியதற்கு மூன்று பணம் தண்டம். கட்டாமல் மறுபடி துறைக்கு வந்தால் தோணி பறிமுதல் என்று இருந்தது. கோட்டைக்காரர்கள் இதில் ஏதாவது செய்வார்களா என்று வேதாசலம் கேட்டார். கம்பம் பாளையக்காரருடையதுதானே என்று துபாஷி கேட்டார். ஆமாம் என்றார் இவர். அப்படியானால் கட்டிவிடு என்று சொல்லிவிட்டு மீனோடு போய்விட்டார்.

இத்தோடு போயிருக்கலாம். பழவேற்காட்டுத் துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு வணிகர் இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பத்தில் தோணி கட்டுவதற்குத் தண்டம் போடலாம் என்ற விஷயமே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் இந்தத் துறையிலும் இரண்டு கம்பத்துக்குக் காவலாள் வந்துவிட்டான். குப்பத்தில் சில பேர் வேதாசலத்தோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இருசம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "மூணு பணத்த விசிறிட்டு எம் பொண்ண இட்டுனு வா மாமா. இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது?"

யோசிக்க நிறைய இருந்தது என்பது வேதாசலத்தின் கட்சி. அவர் கஞ்சன் இல்லை. ஓலை கட்டாத கம்பத்துக்கு ஒருவன் சொந்தம் கொண்டாடுகிறான், தான் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு பணம் கொடுத்தால் அது ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு நெஞ்சில் ஒரு முள். அதைக் கருப்பன் இன்னும் ஆழமாகக் குத்திவிட்டான்.

கருப்பன் அவரோடு ஒரே வலையில் பங்கு வைத்திருந்தவன். நான்கு துறைகளில் தனக்கு இந்த மாதிரித் தண்டம் போட்டார்கள் என்றும், ஒரு இடத்திலும் காலணா கட்டவில்லை என்றும் சொன்னான். எந்த ராஜா கோட்டையை விட்டு இறங்கி மூன்று பணத்துக்காக ஏரி தாண்டி வருவான் என்று கேட்டான். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. அந்த நான்கு துறைக்கும் அப்புறம் போனாயா என்று யாரோ கேட்டார்கள். அங்கே தனக்கு என்ன வேலை என்றான் கருப்பன்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் தெய்வசிகாமணி கூட்டம் போட்டார். ஒரு கரையின் தண்டம் மறு கரையில் செல்லுமா என்று சூரியன் சாயும்வரை பேசினார்கள். செல்லாது என்று முடிவானது. எல்லோருக்கும் திருப்தி. அப்படியானால் அந்த ஓலையை அவிழ்த்து எறிந்துவிடலாமே என்று வேதாசலம் சொன்னார்.

எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

வேதாசலம் கருப்பனைப் பார்த்தார். "என் கைய இன்னாத்துக்குப் பாக்கற? நானா கட்டனேன்?" என்றான் கருப்பன்.

தண்டம் செல்லாது, ஆனால் ஓலை ஓலைதான். கட்டினவன் எவனாக இருந்தாலும் கட்டினது கட்டினதுதான். அதை இன்னொரு கை அவிழ்த்தால் நாளைக்கு ஏரியில் எவன் பாட்டுக்கு எவன் மரியாதை கொடுப்பான்? இரண்டாவது கூட்டம் இதற்காகவே போட்டார்கள். கட்டினவனே வந்து அவிழ்க்க வேண்டும் என்று முடிவானது. பணம் வாங்காமல் அவன் எதற்காக வந்து அவிழ்ப்பான் என்பதை மூன்றாவது கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆக, ஓலையோடு போனால் துறையில் தோணி பறிபோகும். ஓலையை அவிழ்த்துவிட்டுப் போக ஊர் விடாது. வேறு தோணி கேட்டுப் பார்த்தார். உன் பேர் அந்தக் கரையில் எழுதியாகிவிட்டது, என் தோணியையும் கோத்துவிடாதே என்று எல்லோரும் பணிவாகச் சொன்னார்கள். ஆரம்பாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் அழைத்து வரலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு நாள் குண்டும் குழியுமான பாதை. இதைச் சொன்னவனை இருசம்மாள் பார்த்த பார்வையில் அவன் மறுநாள் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆனி ஏழு வந்தது, போனது. வேதாசலம் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முடிபின்னிப் பூ வைத்துக்கொண்டு துறையில் நிற்பாளே என்று நினைத்தார். எழுந்து வீட்டுக்குப் போய்ப் பானையிலிருந்து பணத்தை எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துக் கருப்பன் வந்தான். ஊரே உன் பின்னால் நிற்கும்போது நீ போய்க் காலில் விழுந்தால் எங்கள் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டான். வேதாசலம் முடிச்சை அவிழ்த்துப் பணத்தைத் திரும்பப் பானைக்குள் போட்டார். அந்த முடிச்சை அவிழ்க்க மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் ஊரை விட்டு ஒருவரும் ராத்தங்கப் போகக்கூடாது. இது அவருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. போகாததற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது அல்லவா. இருசம்மாள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான்.

ஆவணி பத்தாம் தேதி காலையில் வேதாசலம் கரைக்கு வந்தபோது இருசம்மாள் தோணிக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மூட்டை. கையில் தள்ளுகோல்.

"ஒம்பது மாசம் ஆயிடுச்சு. நீ வந்தா வா. இல்லனா நானே தள்ளினு போறேன்" என்றாள்.

நாட்டார் தெய்வசிகாமணி மூன்றாவது கூட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். வேதாசலம் பாய்மரத்தை நிமிர்த்தினார். ஓலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. வழி முழுக்க மணியக்காரரிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். பணத்தைக் கொடுப்பது, ஆனால் கம்பத்தில் ஓலை இல்லாததை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது. பணம் போனாலும் மானம் போகாத மாதிரி ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தார்.

ஈச்சந்துறையில் இந்தத் தடவை கம்பத்தை விட்டு விலகி மணலில் ஏற்றினார். இருசம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூட்டையோடு ஊருக்குள் நடந்தாள். மணியக்காரர் மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வேதாசலம் மூன்று பணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, வாக்கியத்தை ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினார்.

மணியக்காரர் பணத்தைப் பார்த்தார். அப்புறம் தோணியைப் பார்த்தார். எழுந்துபோய் ஓலையைக் கையில் பிடித்துப் படித்தார்.

"இது வைகாசி ஓலை இல்ல?" என்றார். "இதுக்கு மறுநாளே உங்க மாப்பிள்ளை கட்டிட்டாரே. வலையை அடகு வச்சு மூணு பணமும் எண்ணிக் குடுத்தாரு. மாமனாரு பொண்ணக் கூட்டிப் போக வருவாரு, அவரை ஒண்ணும் கேக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

பேசிக்கொண்டே ஓலையை வெடுக்கென்று இழுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு வெற்றிலைக்குத் திரும்பினார். அது ஓரமாக மிதந்து போயிற்று. வேதாசலம் பணத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். அவர் செய்து வைத்திருந்த வாக்கியம் எதற்கும் உதவாமல் போனது.

வீட்டு வாசலில் ராஜவேலு எழுந்து நின்று வாங்க மாமா என்றான். அவன் கையில் மண்வெட்டிக் காய்ப்பு இருந்தது. வலையை அடகு வைத்ததிலிருந்து உப்பளத்தில் கூலி வேலை. ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று வேதாசலம் கேட்டார். உங்களுக்காகக் கட்டினேன் என்று ஆள் வைத்துச் சொல்லி அனுப்புவது மரியாதையா என்று அவன் திருப்பிக் கேட்டான். அப்புறம், உள்ளே போங்க, குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகிறது என்றான்.

உள்ளே இருசம்மாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். தாயில்லாமல், பேச்சுப் புரியாத மருத்துவச்சி கையில் இரண்டு ராத்திரி வலி தின்று பெற்றிருக்கிறாள். பக்கத்தில் பழந்துணியில் சுற்றின பெண் குழந்தை. வேதாசலம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. பிறந்து ஐந்து நாளான குழந்தையை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"ஆனி ஏழுலேர்ந்து தெனம் தொறைக்குப் போய்ப் பாத்துனு இருந்தேன் நைனா" என்றாள் லோகநாயகி. "இவரு பணம் கட்டிட்டாரு, அப்பவும் நீ வர்ல. எம்மேல இன்னா கோவமோனு நெனச்சிகினேன்."

"கோவம் இன்னாம்மா கோவம்" என்றார் வேதாசலம். நாட்டார் கூட்டம், கருப்பன், அம்மன் காப்பு எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றன. "தோணில ஓலை கட்டியிருந்துச்சும்மா" என்றார்.

லோகநாயகி குழந்தையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"பணந்தான் அப்பவே கட்டியாச்சே, எந்த ஓலை நைனா?" என்று கேட்டாள்.