மஞ்சள் போர்வை இல்லாத ஜன்னல்

எவுலாலியா நடந்த வேகத்துக்கு ஓட்டம் என்றுதான் பெயர். பிராகா நகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஓய்வூதியர் கூட்டம் பின்னால் மூச்சு வாங்கியது. ஒயின் நிலவறையின் இருட்டில், ஆளுயரப் பீப்பாய்களுக்கு நடுவே, அவள் தோளில் கிடந்த சிவப்புச் சால்வையைக் குறி வைத்துக்கொண்டு அத்தனை பேரும் தொடர்ந்தார்கள். வந்தவர்களுக்குச் சுற்றிக்காட்டும்போது வழக்கமாக அவள் நிற்கும் இடங்களில் இன்று நிற்கவில்லை. ஆற்று வெள்ளம் ஏறிய உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டிருக்கிறது, கடந்துவிட்டாள். மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதைச் சொல்லி எல்லோரையும் மோந்து பார்க்கச் சொல்வாள், அதையும் விழுங்கிவிட்டாள்.

“ஏம் பொண்ணே, அடுப்புல பாலை வச்சுட்டு வந்துட்டியா?” என்றாள் கூட்டத்தில் ஒரு தடித்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். எவுலாலியாவும் சிரித்து வைத்தாள்.

அவளுக்கு மொட்டைமாடிக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் டோரோ நதிக்கு அப்பால் போர்ட்டோ நகரம் அடுக்கடுக்காக ஏறிப் போவது தெரியும். வந்தவர்கள் பாலத்தைப் படம் எடுப்பார்கள், தேவாலயத்தைப் படம் எடுப்பார்கள். அவள் பார்ப்பது ஒரே ஒரு ஜன்னலை. கரையோரம், ஓடு பதித்த நீலச் சுவர், நாலாவது மாடி. அங்கே அவள் அண்ணன் பெல்மீரோ தனியாக இருக்கிறான். அம்மாவின் மஞ்சள் போர்வையைத் தினமும் காலையில் கம்பியில் தொங்கவிடுவான். மழையானால் கம்பிக்கு உள்பக்கமாக. போர்வை தொங்கினால் அவன் எழுந்துவிட்டான், நடமாடுகிறான் என்று அர்த்தம். அவன் அப்படிச் சொன்னதில்லை. அவளாக எடுத்துக்கொண்ட அர்த்தம்.

இருவரும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நின்றவள் எவுலாலியா. வீட்டிலேயே இருக்கட்டும் என்றவன் பெல்மீரோ. அம்மா ஆஸ்பத்திரியில், யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு மதிய நேரத்தில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் அவன் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அவள் பதில் சொல்லவில்லை. அவனும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். நடுவில் ஒரு ஆறு, ஒரு பாலம். கால்மணி நேர நடை.

இன்று காலைச் சுற்றில் போர்வை இல்லை.

அப்போதே கைபேசியை எடுத்தாள், அவன் எண்ணைப் பார்த்தாள், மறுபடி பைக்குள் போட்டாள். அவன் எடுத்தால் என்ன சொல்வது? உயிரோடு இருக்கிறாயா என்றா? நேற்று குடித்துவிட்டுத் தாமதமாக எழுந்திருப்பான். துவைக்கப் போட்டிருப்பான். மதியச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிவிட்டு, இடைப்பட்ட நேரம் முழுக்கக் காலி ஜன்னலையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பின்னால் யாரோ பீப்பாயில் மோதிக்கொண்ட சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு தடவை. “ஓரமா இடிச்சுக்காம வாங்க” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். தலைகளை எண்ணியிருந்தாள். முகங்களைப் பார்க்கவில்லை.

படியேறியதும் வெயிலில் கண் கூசியது. ஆறு மின்னியது. நீலச் சுவர், நாலாவது மாடி. கம்பி வெறுமையாக இருந்தது.

பரிசாரகன் ரூய் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தான். முதலில் வெள்ளை ஒயின், கடைசியில் பழுப்பு. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் ஊற்றுகிறாள். இன்று முதல் கோப்பையிலேயே பழுப்பு ஒயினை ஊற்றினாள். ரூய் அவள் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். அவள் பாட்டிலை அவனிடம் கொடுத்துவிட்டு, மீதியை அவனே ஊற்றும்படி சொன்னாள். கூட்டத்தைப் பாதியில் விட்டுப் போனால் வேலை போகும் என்று அவன் முணுமுணுத்தான். அவள் அதற்குள் படிக்கட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

“ஏ லாலி, எங்க ஓடுற? நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கல.”

கைப்பிடிச் சுவரோரம் கடைசி நாற்காலி. சாம்பல் நிறத் தொப்பி. முழங்காலுக்கு நடுவே ஒரு கைத்தடி. தடியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. தொப்பியைப் பார்த்திருக்கிறாள்.

பெல்மீரோவின் எதிரே உட்கார்ந்தாள்.

“உன் வீட்டுக்குத்தான் ஓடுனேன்” என்றாள்.

“இப்பவா? போர்வை போடாட்டா நீ வந்து கதவைத் தட்டுவன்னு காலைலேர்ந்து சட்டை மாத்திட்டு உக்காந்திருந்தேன். நீ வரல. சரி, நம்மளே போவோம்னு கெளம்பிட்டேன்.” கோப்பையைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தான். “இந்த ஊர்ல ஒசத்தின்னு ஒண்ணு இருந்தா, அது எங்க ஊர் தெரியறதுதான்.”

ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் காயாவுக்காரர்களைச் சீண்ட அவன் எப்போதும் சொல்வது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதை அடக்கினாள்.

“நான் பாக்குறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“சிவப்புச் சால்வையைப் போட்டுட்டு மத்தியானம் வந்து நிப்பியே. நீ நின்னுட்டுப் போனப்பறம்தான் போர்வையை உள்ள எடுப்பேன்.”

பக்கத்தில் அந்தத் தடித்த அம்மாள் இன்னொரு கோப்பை கேட்டு ரூயிடம் வழக்காடிக்கொண்டிருந்தாள்.

“இத்தனை வருஷம் போட்டியே மீரோ. இன்னிக்கு மட்டும் ஏன் போடல?”

அவன் தடியின் தலையைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

“நம்ம ஜன்னல் இங்கேர்ந்து எப்படித் தெரியுது? சொல்லேன்.”

“முன்னாலதானே இருக்கு. பாரேன்.”

“சொல்லேன்.”

அப்போதுதான் கவனித்தாள். அவன் முகம் ஜன்னலை விட்டுப் பாலத்தின் பக்கம் திரும்பியிருந்தது. நிலவறையில் பீப்பாயில் மோதிய சத்தம் மறுபடி காதில் கேட்டது.

“மூணு மாசமா உன் சிவப்பு என் கண்ணுக்குத் தெரியல, லாலி.”

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்டுவிரலை நீட்டவைத்து, பாலத்திலிருந்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தி, ஓட்டுக் கூரைகளின் மேலாக, நீலச் சுவரில் இறக்கி, நாலாவது மாடியின் வெற்றுக் கம்பியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.