சொற்பட்டியலில் வந்த சேறு

‘பெயர் கூப்பிடுதல்’ என்ற சொல்லை அச்சடித்தபோது சச்சிதானந்தனின் பிறின்ரரிலிருந்து மூன்று லீற்றர் சேறு வந்தது. இது இரண்டாயிரத்து இருபத்துநாலாம் ஆண்டு செப்டெம்பர் மாதம், ஸ்காபரோவில் மார்க்கம் வீதிக்குப் பக்கத்துக் கட்டடமொன்றின் ஒன்பதாம் மாடியில் நடந்தது. அளவில் சந்தேகம் வேண்டாம். அவனுடைய மனைவி துர்க்கா ஒரு லீற்றர் பால் ஜாடியால்தான் அதை அள்ளி வாளியில் ஊற்றினாள். கறுப்புச் சேறு, தேங்கிய களப்பின் நாற்றம், இடையிடையே மயிர். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார், அன்று அவர் சாப்பிடவில்லை.

சச்சிதானந்தன் பதின்மூன்று வருடமாகக் கனடாவைத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், பிள்ளையின் பல்லுக்கு எதைப் பூச வேண்டும், ஊசி போட்டபின் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் அடிக்க வேண்டும், எல்லாம் அவன் கை பட்டுத்தான் எங்கள் தபால்பெட்டிக்கு வந்தன. அவனுக்கு வேலை கொடுக்கிற நிறுவனத்தின் மனேஜர் றிச்சர்ட் அந்த மாதம் அனுப்பியது கடெற் சொற்பட்டியல். பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள் வாரத்தில் ஒரு பின்னேரம் யூனிபோம் போட்டு அணிவகுப்பும் முகாம் வாழ்க்கையும் கிளைடர் பறப்பும் பழகுகிற அமைப்புக்குத்தான் கடெற் என்று பெயர். அங்கே யாரையும் யுத்தத்துக்கு அனுப்புவதில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லுவது பெற்றோருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நூற்றியெண்பது சொற்களைக் கிரேக்கம், தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் கேட்டிருந்தார்கள்.

அகராதியைத் திறக்காமலே முதல் நாள் எண்பது சொற்களை முடித்தான். அதுதான் அவன் விட்ட பிழை. யுத்தகாலத்தில் வன்னியில் இயக்கத்தின் அலுவலகமொன்றில் எழுத்துவேலை பார்த்தவனாதலால் அணிக்கும் முகாமுக்கும் கட்டளைக்கும் காவல்முறைக்கும் தமிழ் அவன் நாக்கு நுனியிலேயே கிடந்தது. தான் துவக்குத் தூக்கினவன் இல்லை என்பதைக் கேட்காத ஆட்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிவான். அன்றைக்கு றிச்சர்ட்டுக்குப் போன் எடுத்து, இந்தத் துறையில் எங்கள் மொழியை அடிக்க ஆளில்லை என்று பெருமையடித்தான். 

சேறு எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவில் வரவில்லை. ‘கூடாரம்’ ஈரக் கசிவோடு நின்றது. ‘தண்ணீர்ப் போத்தல்’ ஒரு கோப்பை. ‘புதிதாகச் சேர்ந்தவர்’ அரை வாளி, அதில் றப்பர் செருப்பின் வார் ஒன்றும் யாரோ ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தானும் கிடந்தன. வரிசையில் நிற்பவர்களின் பெயர் கூப்பிடுதலை மிஞ்ச எந்தச் சொல்லாலும் முடியவில்லை. அதே பிறின்ரரில் குப்பை அறிவித்தல் மொரமொரவென்று காய்ந்து வந்தது. றிச்சர்ட் மூன்று பிறின்ரர் மாற்றிக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் வாளியையும் செலவில் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். டன்போத்தில் இருக்கிற கிரேக்கப் பெண்மணி செய்த பட்டியலில் ஒரு துளி ஈரமில்லை. தங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் பட்டாளத்துக்குப் போவார்கள், வருடம் முடியத் திரும்பிவந்து அங்கத்தைய சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்வார்கள், வேறென்ன, என்று அவள் போனில் சொன்னாளாம்.

சச்சிதானந்தன் குறுக்குவழியும் தேடினான். மதுரையிலிருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிற அழகேசனிடம் அங்கத்தைய பள்ளிக்கூடங்களில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதினான். அந்தச் சொற்கள் எல்லாம் வெள்ளையாக, சுத்தமாக வந்தன. ஆனால் அஜக்ஸிலிருந்து பட்டியலைச் சரிபார்க்கிற பாலேஸ்வரி அன்ரி, “உது எங்கட சனத்துக்கு விளங்காது தம்பி, முந்தி எழுதினதே போதும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடியும் வாளி. கம்பளத்தின் கீழே புழு வைத்தது. துர்க்கா ஒருநாள் விட்டு ஒருநாள் டெற்றோல் ஊற்றித் தேய்த்தாள், சாம்பிராணி போட்டாள்.

ஒக்ரோபர் முதல் கிழமை அவர்களுடைய ஒரே மகள் கௌசி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கடெற்றில் சேர்வதற்குப் பெற்றோர் இருவரும் கையொப்பமிட வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.

“அப்பா, இட்ஸ் ஃபிரீ. கிளைடர் பழக்குவினம். ஐ ரியலி வோண்ட் திஸ்.”

சச்சிதானந்தனுக்கு அன்று கை முழங்கைவரை சேறு. “சீ!” என்றான். “உந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு என்ர வீட்டுக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது. எனக்கு அருவருக்குது. சின்னப் பிள்ளையளை வரிசையில நிப்பாட்டுறதைப் பார்க்கச் சத்தி வருது.”

கௌசி அழுதுகொண்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். துர்க்கா நிலத்தில் முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“இப்பதான் அருவருக்குதோ?” என்றாள்.

“என்ன கதைக்கிறாய்?”

“இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரவேணும் எண்டு எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. என்னைக் கூப்பிடப் போகினம் எண்ட பயத்தில தம்பி தானே போறன் எண்டு போனவன். வாகீசன். பதினேழு வயது. பிறகு அவனிட்ட இருந்து ஒரு சேதியும் வரேல்லை, அவன்ர உடம்பும் வரேல்லை. ஆள் கேட்டு வந்த அந்தக் கடிதம் உங்கட கையெழுத்து.”

சச்சிதானந்தன் கதிரையில் இருந்தான். கதிரையும் ஈரமாக இருந்தது.

“எப்ப தெரியும்?”

“கலியாணம் முடிஞ்ச கிழமை. கடைச் சாமானுக்கு லிஸ்ற் எழுதித் தந்தீங்கள். வெங்காயம், கடலைப்பருப்பு. பார்த்தவுடன தெரிஞ்சிட்டுது, அவ்வளவு வடிவான எழுத்து.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா என்ன செய்வியள்? அழுவியள். பிறகு நான்தான் உங்களைத் தேற்ற வேணும்.” துணியை வாளிக்குள் பிழிந்தாள். “இஞ்ச பாருங்கோ, உந்தப் படிவத்தில பிள்ளை தன்ர பேரைத் தானே எழுதியிருக்கிறாள். பிடிக்காட்டி நாளைக்கு விட்டுட்டு வருவாள். எங்கட வீட்டுப் பேரை நீங்கள் எழுதினீங்கள். உங்கட அருவருப்பை அவளுக்கு மேல துடைக்க வேண்டாம்.”

 அவன் எழுந்து, கையைக் கழுவி, கையொப்பம் வைத்தான். மீதி நூறு சொற்களையும் ஒன்றையும் மாற்றாமல் எழுதி முடித்தான். முப்பத்தெட்டு வாளி.

நவம்பரில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மாக்கஸ் என்கிற இளம் கடெற் அதிகாரி தரையில் பிளாஸ்ரிக் விரித்து வைத்திருந்தான், றிச்சர்ட் முன்கூட்டியே சொல்லியிருந்தான். கிரேக்கப் பெற்றோர் தங்கள் சொற்பட்டியல் தாள்களை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் சொட்டச் சொட்டத் தாள்களை வாங்கினார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மணந்து பார்த்தார்கள், கடைப் பைகளை எடுத்தார்கள், ஐஸ்கிறீம் டப்பாக்களை எடுத்தார்கள், சேற்றைச் சிந்தாமல் வழித்துப் போட்டுக்கொண்டார்கள். பிக்கரிங்கிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் சச்சிதானந்தனிடம் வந்தாள். “அண்ணை, பேர் கூப்பிடுற பக்கம் இன்னும் ஒண்டு தருவியளோ? எங்கட வீட்டில போனது ரெண்டு பேர்.”

அவன் கொடுத்தான். கொடுத்துவிட்டு வெளியே போய், கார்த் தரிப்பிடத்தில் நின்று சத்தி எடுத்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் பகுதியில் சேறு அரித்தார்கள். மா அரிக்கிற அரிதட்டு தமிழ்க் கடைகளில் முடிந்துபோய், சீனக் கடைகளில் வாங்கினார்கள். ஒரு வீட்டில் கழுத்தில் கட்டுகிற பள்ளிக்கூட ரை ஒன்று வந்தது. இன்னொரு வீட்டில் மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம். பிக்கரிங் பெண்ணுக்கு ஒருவர் கிடைத்தார், ஒரு பல்தான், ஆனால் தாய்க்கு அடையாளம் தெரிந்தது. மற்றவருக்காக இன்னும் பக்கங்கள் வாங்கிப் போகிறாள். கட்டட நிர்வாகம் சேற்றைக் குளியலறைக் குழாயில் ஊற்ற வேண்டாம் என்று அறிவித்தல் ஒட்டியது. அதைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் சச்சிதானந்தன்தான்.

கௌசிக்கு இரண்டு வருடத்தில் யூனிபோமில் தைக்கிற பதவிப் பட்டி இரண்டு கிடைத்துவிட்டன. புதன்கிழமை பின்னேரங்களில் யூனிபோமைத் தானே அயர்ன் பண்ணி, “திஸ் ஹவுஸ் இஸ் ஸோ க்ரோஸ்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அவள் போன பிறகு அவன் பிறின்ரரைப் போடுகிறான். துர்க்கா குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் அரிதட்டோடு இருக்கிறாள். ஒரு வாளி அவள், ஒரு வாளி அவன் என்று அரிக்கிறார்கள். வாகீசனுடையது என்று சொல்ல இதுவரை ஒன்றும் வரவில்லை. சச்சிதானந்தனுக்கு அருவருப்பு இன்னும் போகவில்லை. கையுறை வாங்கி வைத்திருக்கிறான். துர்க்கா போட விடுவதில்லை.