சாலிஹ் முதலாளியின் காயாத துளி

ஓர் உயிரின் விலை மடகாஸ்கரில் இருபத்து நான்கு மாத்திரை. மூன்று நாளில் தின்று முடிக்கவேண்டிய மலேரியா மருந்து; பாதி தின்றால் குணமில்லை. உக்குவளை மாணிக்கக்கல் வியாபாரி சாலிஹும், அவரிடம் கல் அரிக்கும் வேலை செய்த சசிக்குமாரும் அங்கே போனபோது கையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. திரும்பி வந்தவர் சாலிஹ் மட்டும். எனக்குக் காய்ச்சலே வரவில்லை, பெட்டி முழுவதையும் சசிக்குமாருக்கு என் கையாலேயே கொடுத்தேன், விதி முந்திக்கொண்டது என்றார். அந்தக் கைக்கு நன்றியாக, சசிக்குமாரின் மனைவி சந்திரகாந்தா எட்டு வருடமாகத் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் முறுக்கு அனுப்பினாள். அவரும் தின்றார்.

இந்த வருடம் சுகாதாரப் பகுதியினர் மலேரியா சோதனைக்காக ஊரையே வரிசையில் நிறுத்தி, விரல் குத்தி, தாளில் ஆளுக்கொரு துளி இரத்தம் எடுத்தார்கள். எல்லாருடையதும் தேநீர் ஆறுமுன் காய்ந்தது. சாலிஹின் துளி பத்து நாளாகியும் காயவில்லை. இரத்தம் எடுத்த நிப்லா மிஸ் அதை மிளகு காயப்போட்ட பாயில் வெயிலுக்கு வைத்தாள், மிளகு காய்ந்தது. சரி போகட்டும் என்று ஈரத்தோடேயே சோதித்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். பக்கத்து வாங்குப் பலகையில் சந்திரகாந்தாவும் தன் முடிவுக்காகக் காத்திருந்தாள்.

"இப்ப நோய் இல்ல நானா. ஆனா முன்ன ஒருக்கா மலேரியா வந்து போயிருக்கு. காய்ச்சலோட சண்ட புடிச்ச எதிர்ப்பு, ரத்தத்தில வருஷக்கணக்கா கெடக்கும்."

சந்திரகாந்தா எழுந்து வந்தாள். "அப்ப மடகாஸ்கர்ல மொதலாளிக்கு மருந்து எங்க கெடச்சிச்சு?"

பேரம் பேசி வளர்ந்த வாய்; கடைசி விலையை முதலில் சொல்லிப் பழக்கமில்லை. "ஒரு நாலு மாத்திர நானும் போட்டிருப்பேன், தங்கச்சி." மூவரும் துளியைப் பார்த்தார்கள். ஈரம். "எட்டு." ஈரம்.

"ஏறுங்க மொதலாளி. கல்லுன்னா ஏறுவீங்கதானே."

பன்னிரண்டு, பதினாறு, இருபது. அடுத்த எண்ணுக்கு, கல் விலை பேசுவதுபோல் கையைக் கைக்குட்டைக்குள் மறைத்து விரல் மடக்கினார். சந்திரகாந்தா துணியை இழுத்தெடுத்தாள்.

"வாயால சொல்லுங்க."

"இருவத்திநாலும்."

"அவருக்கு?"

"தலவலி மாத்திர ஆறு. மருந்து எண்டு சொல்லித்தான் குடுத்தேன். கும்பிட்டுட்டு முழுங்கினான்."

துளி காய்ந்தது. நிப்லா மிஸ் தேதி எழுதித் தாளை மற்றத் தாள்களோடு அடுக்கினாள். அன்று முதல் சாலிஹின் குத்திய விரல் ஈரமாகவே இருக்கிறது. கல் வாங்க வருகிறவர்கள் அவருடைய இடது கையோடு பேரம் பேசப் பழகிவிட்டார்கள். தொழுகை முடிந்து எல்லாரும் விரல் மடக்கித் தஸ்பீஹ் துதி எண்ணும்போது அவரும் எண்ணுகிறார்: தான் தின்றது மாத்திரை இருபத்து நான்கு, முறுக்கு டின் எட்டு, சசிக்குமார் தின்றது தலைவலி மாத்திரை ஆறு.