அப்பாவின் கை

அன்று காலை உடைந்தது அந்த மாதத்தில் எத்தனையாவது கோப்பை என்று கேட்டால் சந்திரமதிக்கே தெரியாது. கணக்குப் பார்க்கிற தெம்பெல்லாம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது. அவளுடைய எட்டு வயது மகள் சீதா, அப்பாவுக்குக் கொண்டுபோன காப்பியை வாசற்படியில் கொட்டி, கோப்பையையும் போட்டு உடைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். அடி விழும் என்று தெரியும். விழுந்தது. அடித்து முடித்ததும் சந்திரமதியே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். அடிக்கிற வேலையும் அவளுடையது, பொறுக்குகிற வேலையும் அவளுடையது.

பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பாள். பென்சிலைப் பிடித்தால்தான் வம்பு, பல்லுக்கிடையில் நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினாலும் எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடிவிடும். பட்டன் துளைக்குள் போகாது. சமதரையில் நடக்கும்போதே தன் காலில் தானே தடுக்கி விழுவாள்.

அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் அப்போது எந்தக் கடை வாசலில் நின்றாலும் மெர்டேக்கா என்கிற சுதந்திரப் பேச்சுதான். ஆகஸ்டில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கப்போகிறானாம். சந்திரமதிக்கு அது காதில் ஏறவில்லை. அவள் கவலையெல்லாம் ருக்மணி. கணவன் சேதுபதியின் அக்கா, குருபோங்கில் இருப்பவள், மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு சீதாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

“ஸ்கூல நிப்பாட்டிட்டு எங்கிட்ட விடு. நான் பழக்குற பழக்கத்துல ஆறு மாசத்துல கை தன்னால வணங்கும். ஒங்க வீட்டு ரத்தம் அப்படி, நீ என்ன செய்வே, பாவம்.”

ருக்மணி பழக்கும் விதம் சந்திரமதிக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன ஒரு பெண் முழங்கையில் சூட்டுத் தழும்போடு திரும்பி வந்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எதை வைத்துக்கொண்டு சொல்வது? ‘ஒங்க வீட்டு ரத்தம்’ என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அது உண்மையாகியிருந்தது.

கிளினிக்குக்கும் கூட்டிப்போய்ப் பார்த்தாள். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் சீதாவை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், பந்தைப் போட்டுப் பிடிக்கச் சொன்னார். பந்து ஒவ்வொரு முறையும் மேசைக்கு அடியில் போனது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை.

“இது வருத்தம், நோய் எண்டு இல்லையம்மா. சில பிள்ளையள் இப்பிடித்தான் பிறக்கிறவை. மூளை சொல்லுறதைக் கையும் காலும் சரியாக் கேக்காது. அநேகமா குடும்பத்தில ஆரிட்டயோ இருந்துதான் வரும். உங்கட ஆக்களில ஆருக்கும் இப்பிடி இருக்கோ?”

சந்திரமதி யோசித்துப் பார்த்தாள். அப்பா புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் பெயர்போன பால்மரத் தொழிலாளி, பட்டையில் கத்தி போட்டால் மரத்தில் காயம் படாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பூக்கட்டுவாள். “எங்க வீட்டுல யாருக்கும் இல்லங்க.”

“தகப்பன்ர பக்கம்?”

“அவுங்க பக்கமும் இல்லேன்னுதான் அவுங்க அக்கா சொல்றாங்க.”

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சேதுபதி ரோடு போடும் ஆட்களை மேய்க்கிற மண்டோர். வாய்தான் வேலை செய்யும், கை செய்யாது. பெண் பார்க்க வந்த அன்றே ருக்மணி பெருமையடித்துவிட்டாள், “எங்க தம்பிய ராசா மாதிரி வளத்துட்டோம், ஒரு துரும்பக் கிள்ளிப் போட விட்டதில்ல.” ராசாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவதும் மீனில் முள் எடுத்து வைப்பதும் கல்யாணத்துக்குப் பிறகு சந்திரமதியின் வேலையாகிவிட்டது. ஆண்பிள்ளைத் திமிர் என்று நினைத்துக்கொண்டு செய்தாள்.

மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்ததும் அவள் அம்மனிடம் போனாள். “தாயே, எம்புள்ள கை நேராகணும். அவளப் பெத்தவரு கையாலயே ஒனக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன்.”

வீட்டில் வந்து சொன்னபோது சேதுபதியின் முகம் வெளுத்தது. “நம்ம சனத்துல எவனாச்சும் எடுக்கட்டுமே.”

“ஒங்க கையாலன்னு வேண்டியாச்சுங்க.”

“அவனக் கேக்காம நீ எப்படி வேண்டுவே?” என்று திருவிழாவுக்கு வந்திருந்த ருக்மணியும் குதித்தாள். என் பிள்ளைக்காக இதைக்கூடச் செய்ய இவர்களுக்கு மனமில்லையே என்று சந்திரமதிக்குக் கசந்தது. அம்மனுக்குச் சொன்ன சொல்லை மாற்ற யாருக்கும் துணிவில்லாததால் சேதுபதி மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டான்.

திருவிழா அன்று ஊர்வலம் கோயில் திருப்பத்தை எட்டும்வரைகூட அவன் தாக்குப்பிடிக்கவில்லை. தலைமேல் குடத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, பல்லுக்கிடையில் நாக்கு நுனியை நீட்டிக்கொண்டு, கால் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தான். மேளம் கொஞ்சம் வேகமெடுத்தது. இடது கால் வலது காலில் மாட்டியது. முழங்கைகள் இரண்டும் அகல விரிய, ஆள் ஒரு பக்கமும் குடம் ஒரு பக்கமுமாய் விழுந்து, தார் ரோட்டில் பால் ஓடியது. மேளம் நின்றது.

சந்திரமதி அசையவில்லை. இந்த விழுகையை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள். இதே நாக்கு, இதே முழங்கை.

வீட்டுக்கு வந்ததும் ருக்மணி ஆரம்பித்தாள். “வேண்டுனவ மனசு சுத்தமில்லன்னா இப்படித்தான். சீதா, துணிமணிய எடு, கெளம்பலாம்.”

“அண்ணி,” என்றாள் சந்திரமதி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே. “இவருக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா?”

“என்ன உளர்ற?”

“போதும்க்கா,” என்றான் சேதுபதி. சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். “பத்து வயசு வரைக்கும் அக்காதான் சோறு ஊட்டுச்சு, சந்திரா. வெளிய தெரிஞ்சா எவனும் பொண்ணு குடுக்கமாட்டான்னு பொத்திப் பொத்தி வச்சாங்க. சீதா நடக்க ஆரம்பிச்சப்பவே இது எங்கிட்டேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ பொறந்தப்பகூடத் தூக்கல. கீழ போட்டுருவேனோன்னு பயம்.”

பெண் பிள்ளை என்றுதான் தொடவில்லை என்று எண்ணி அந்தப் பிரசவப் பாயில் அவள் எவ்வளவு அழுதிருக்கிறாள். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. உடம்பில் அதற்குப் பலமில்லை. கால்களை நீட்டிக்கொண்டாள்.

“அண்ணி, பழக்கணும்னா ஒங்க தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரையும் சேத்தே பழக்குங்க. இல்லேன்னா எம்பொண்ணு நாளைக்கி ஸ்கூலுக்குப் போவா.”

ருக்மணி தம்பியைப் பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துவிட்டுத் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் சீதா மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சின்னப்புள்ளையில அப்பாவ யாரும்மா அடிச்சாங்க?”

“யாரும் அடிக்கல.”

“அப்ப என்னய மட்டும் ஏன்?”

“நான் வாயத் தொறக்காம இருந்ததுனால,” என்றான் சேதுபதி.

சந்திரமதி அதை மறுக்கவில்லை. ஆனால் அடித்தது அவன் வாய் அல்ல, தன் கை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சீதாவுக்கும் தெரிந்திருந்தது.