இரைச்சல் என்று அழித்த குரல்

அக்ரஹாரத்து வாடகை வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து பரத் தினமும் கடலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மைசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கப்பல் ஓயாமல் தண்ணீருக்குள் காற்று வெடி வெடித்துக்கொண்டே போகும். தரையில் மோதித் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்து அவனுக்கு அனுப்புவார்கள். அதில் கலந்திருக்கும் மற்ற சத்தங்களுக்கு ஆபீஸில் இரைச்சல் என்று பெயர். அதை நீக்குவதுதான் அவன் வேலை. சட்டை கசங்காத வேலை.

மாதம் ஒருமுறை மனைவி உமாதேவியோடு காரில் கடற்கரைக்குப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போடுவான். சிக்கிய மீனைக் கொஞ்சம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி நீரில் விடுவான். அந்தச் சுகத்தை நினைத்தே மற்ற நாளெல்லாம் கனவில் நடப்பவன் போலத் திரிவான். மழைக்காலம் முடிந்த பிறகு போனபோதெல்லாம் தூண்டில் அசையவே இல்லை. அவன் தூண்டிலில் கோத்த இறாலைக் குறை சொன்னான், நிலவைக் குறை சொன்னான், உமாதேவி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தையும் விட்டுவைக்கவில்லை.

அன்று மேலாளர் சிவகுமார் போனில் அழைத்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலக்கும். அந்தக் கடல் பகுதியில் உயிரினங்களின் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதி, துடைத்த பதிவையும் சேர்த்து அரசு அதிகாரிகளுக்கு அனுப்பச் சொன்னார். அது போனால் கப்பல் கரைக்கு இன்னும் நெருங்கி வர அனுமதி கிடைத்துவிடும். துடைத்த பிறகு சத்தம் எப்படி சார் இருக்கும் என்று பரத் இழுத்தான்.

“சும்னே தலைய உடைச்சுக்காத, பரத். எல்லாரும் பண்றதுதான்.”

வேலையை நினைத்து அவனும் சரி என்றுவிட்டான்.

காபி கொண்டுவந்த உமாதேவி விளையாட்டாக ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். துடைக்காத பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியதும் அறைக்குள் கடல் வந்துவிட்டது. ஆழத்தில் எங்கோ கொறகொறவென்று ஒரு குரல், பதிலுக்கு இன்னொன்று, பிறகு ஒரு தெருவே கூடிப் பேசுவது போல. தொலைவில் வெடி கேட்டது. கப்பல் நெருங்க நெருங்கக் குரல்கள் குறைந்தன. கடைசியில் வெடி மட்டும்தான் கேட்டது.

“ஏனுங்க, இது கத்தாழை மீனுதானுங்க?” என்றாள். “போன வருசம் உங்க கையில இருந்தப்ப இப்படித்தான் கொறகொறன்னுச்சு. பாவம், விட்டுருங்கன்னு சொன்னனே.”

ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, பதிவு எடுத்த இடத்தை பரத் வரைபடத்தில் தேடினான். அவர்களுடைய பாறைக்கு நேர் எதிரே இருந்தது. இறால் மேலும் நிலவு மேலும் ஒரு குற்றமும் இல்லை. மீன்கள் மிரண்டு ஓடியிருக்கின்றன. அதற்கு இருந்த ஒரே சாட்சியை அவனே உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கேட்டதைக் கேட்டபடி எழுதி, துடைக்காத பதிவையே அனுப்பிவிட்டு சிவகுமாரிடம் சொன்னான். வேலை போய்விடும் என்று அவர் மிரட்டினார். பக்கத்தில் உமாதேவி இன்னும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போனா போகட்டும் சார். நமக்கு வேண்டாத சத்தத்துக்கெல்லாம் இரைச்சல்னு பேர் வெச்சுட்டோம். அது இன்னொரு உசுரோட பேச்சு. அத அழிச்சுட்டு அங்க யாருமே இல்லன்னு எழுதறது பாவம். மீனுக்கு வாய் இருக்கு சார், நாமதான் காத மூடிக்கிட்டோம்.”