பன்னிரண்டு பெயர் வைத்த புல்

தீவனப்புல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏழாம் பாத்தியை அறுத்தபோது மற்றப் பதினொரு பாத்திகளிலும் புல் தானாகவே அறுபட்டு விழுந்தது. அரிவாள் படாத இடத்திலும் வெட்டு சுத்தமாக, அதே உயரத்தில் இருந்தது. அறுப்புக்காரர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். இனி வேலை இல்லை என்று தெரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு அவருக்கு அரை நாள் கூலிதான் என்று மேற்பார்வையாளர் சொன்னதால்தான் தகராறு வந்தது. புல் விழுந்ததைப் பற்றி யாரும் தகராறு செய்யவில்லை. சில மாதங்களில் வெளியூர் வயல்களிலும் இது பழகிவிட்டது. மாடு வளர்ப்பவர்கள் காலையில் நிலையத்துக்குப் போன் போட்டு, "இன்னைக்கு அறுக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு, கட்டுவதற்குக் கயிற்றை எடுத்து வைத்தார்கள். நிலையத்தில் அறுத்த நேரத்தில் அவர்கள் வயலிலும் புல் படுத்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

பன்னிரண்டு பாத்திக்கும் பன்னிரண்டு பலகை. ஒவ்வொன்றிலும் ஒரு ரகத்தின் பெயர், வெளியிட்ட வருடம், அதற்குக் கீழே இயக்குநரின் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில். இரண்டு வருடத்துக்கு ஒரு ரகம் என்று அவர் வெளியிட்டுக்கொண்டே வந்தார், மாலையும் வாங்கிக்கொண்டே வந்தார். மேடைக்கு மேடை ஒரே பேச்சுதான்: பன்னிரண்டையும் கலந்து நடுங்கள், நோய் வந்து ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும், மாடு பட்டினி கிடக்காது. சொன்னது நியாயமான யோசனை. அதனால்தான் இத்தனை பேர் தலையாட்டினார்கள், இத்தனை பேர் பழைய புல்லை உழுது அழித்தார்கள். நிலையத்து ஆய்வகத்தில் இருந்த கோட்டம்மாவின் அக்காவும் அழித்தாள். தங்கை அங்கே வேலை பார்க்கிறாளே, வேறென்ன உத்தரவாதம் வேண்டும் என்று, பத்து மாட்டையும் இந்தப் புல்லை நம்பியே வாங்கினாள்.

கோட்டம்மா என்பது ஆய்வகத்தில் வைத்த பட்டப்பெயர். அவள் வேலை கோடு பார்ப்பது. இலையை அரைத்து டி.என்.ஏ. எடுத்து, அதில் எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு மார்க்கர்களைச் சேர்த்து, கூழ் போன்ற ஜெல் தகட்டின் குழிகளில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் கோடுகள் பிரிந்து நிற்கும். தூரத்துச் சொந்தம் என்றால் கோடுகள் ஆளுக்கொரு இடத்தில் நிற்கும், நெருங்கிய சொந்தம் என்றால் பக்கத்தில் வரும். பதின்மூன்றாம் ரகத்தை வெளியிடும் விழா மலருக்காக, எல்லா ரகங்களும் எவ்வளவு வேறுபட்டவை என்று ஒரு அழகான படம் வேண்டும் என்றார் இயக்குநர். அவள் ஓட்டினாள். பதின்மூன்று குழியிலும் ஒரே கோடுகள். அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராகப் போயின.

இயக்குநர் படத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, ஒரே டியூபையே எல்லாக் குழியிலயும் ஊத்திட்டியா?"

இதுதான் கொடுமை. அந்த வேலையில் உண்மையும் கவனக்குறைவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பத்து வருடமாக ஒரு சொட்டு மாற்றி ஊற்றாதவளுக்கு முகம் சிவந்துவிட்டது. புது மார்க்கர்களை வாங்கி மறுபடி ஓட்டினாள். அதே கோடுகள். மூன்றாம் தடவை, அக்கா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உழாமல் விட்டிருந்த துண்டு நிலத்திலிருந்து நாலைந்து புல் தூரின் இலையைக் கொண்டுவந்து கடைசிக் குழிகளில் ஊற்றினாள். அந்தக் குழிகளில் மட்டும் கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு இடத்தில் நின்றன. கை தவறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இயக்குநர் அதையும் பார்த்தார். "இது களை. ஆபீஸ் செலவுல களையை எதுக்கு ஓட்டினே?" என்றார்.

அவர் முதல் பாத்தியிலிருந்தே தண்டைக் கரணையாக வெட்டி அடுத்த பாத்தியில் நட்டு, புதுப் பலகை அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். தெரிந்தே செய்தாரா, சோம்பேறித்தனமா என்பது இன்றுவரை தெளியவில்லை. எதுவாக இருந்தாலும் கேட்கும்போது பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பதின்மூன்றாம் ரகத்துக்கு இடம் வேண்டும், முதல் பாத்தி பழசு, விழாவன்று விருந்தாளி கையால் அதை வேரோடு பிடுங்கிவிடலாம் என்று முடிவானது. கோட்டம்மா இயக்குநரின் அறைக்கு ஓடினாள். ஒன்றை அறுத்தால் எல்லாம் அறுபடுகிறது, ஒன்றைப் பிடுங்கினால்?

"சார், தயவுசெஞ்சு பிடுங்க வேண்டாம். எல்லாம் ஒரே புல். ஊர் பூரா வேரோட வந்துரும்."

"நீ வேலை பார்க்க வந்தியா, கதை சொல்ல வந்தியா?"

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா அப்போது அந்தக் கடைசித் துண்டையும் உழுவதற்கு ஆள் சொல்லியிருந்தாள். பழைய புல்லை அழித்தவர்களுக்குத்தான் புது ரகம் இலவசம் என்று நிலையம் அறிவித்திருந்தது.

"அக்கா, அதை மட்டும் உழாதே. உன் மாட்டுக்கு அப்புறம் அதுதான் கதி."

"அப்போ நீங்க கொடுத்ததெல்லாம் என்னடி? உன் முகத்துக்காகத்தானே நட்டேன்?"

"தெரியாமப் போச்சுக்கா."

"உனக்கே தெரியலன்னா வேற எவனுக்குடி தெரியும்?"

அக்கா போனை வைத்துவிட்டாள். தங்கை பேச்சை நம்பி அல்ல, இனி அந்த ஆபீஸ் புல் ஒரு தூர்கூட என் நிலத்துக்குள் வரக்கூடாது என்ற ஆத்திரத்தில், உழவு ஆளைத் திருப்பி அனுப்பினாள்.

விழாவன்று கோட்டம்மா முதல் பாத்தியின் நடுவில் போய் நின்றாள். இயக்குநர் சிரித்த முகம் மாறாமல், படத்துக்கு மறைக்கிறது, ஓரமாக நில்லம்மா என்றார். இரண்டு பேர் அவளைக் கைப்பிடித்து நகர்த்தினார்கள். விருந்தாளி குனிந்து ஒரு தூரை இழுத்தார். அந்த நேரத்தில் பன்னிரண்டு பாத்தியும், அங்கே நடுவதற்காகத் தொட்டியில் வைத்துத் திரை போட்டிருந்த பதின்மூன்றாம் ரகமும், நாலா பக்கத்து வயல்களில் இருந்த அத்தனை புல்லும் வேர் மேலே, இலை கீழே என்று புரண்டு கிடந்தன. கூட்டம் கைதட்டியது. வயல்களில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அந்தக் கோடை எப்படிப் போனது என்று மாடு வைத்திருந்தவர்களைக் கேட்டால் இப்போதும் திட்டத்தான் செய்வார்கள். பலர் பாதி மாட்டை விற்றார்கள். அக்கா வீட்டில் மூன்று போயின. விசாரணைக் குழு வந்து, வடையைத் தின்றுவிட்டு, மார்க்கர் ஆய்வில் கவனக்குறைவு என்று முடித்துக் கோட்டம்மாவுக்கு எச்சரிக்கை கொடுத்தது. இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்தது.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த துண்டு மட்டும் அசையாமல் பச்சையாக நின்றது. மழை வந்ததும் அக்கம்பக்கத்தார் அங்கேதான் கரணைக்கு வந்தார்கள். அக்கா எல்லோருக்கும் கொடுத்தாள். தங்கையோடு மட்டும் அந்த வருடம் முழுக்கப் பேசவில்லை. பிறகு நிலையத்தின் ஜீப்பும் வந்தது. அதற்கும் கொடுத்தாள், திட்டிக்கொண்டே.

அந்தத் தூர்களின் இலையைக் கோட்டம்மா ஜெல்லில் ஓட்டியபோது ஒரு குழியின் கோடு இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. இயக்குநர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இந்தத் தடவைதான் ஒழுங்கா ஊத்தியிருக்கே" என்றார்.

"எல்லாத் தடவையும் ஒழுங்காத்தான் சார் ஊத்தினேன். நீங்கதான் ஒழுங்கா நடல" என்றாள் கோட்டம்மா.

அவர் அதற்குள் பலகைக்காரனைக் கூப்பிடப் போய்விட்டார்.

இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு தூரை அறுத்தால் அந்த ஒரு தூர்தான் விழுகிறது. பழகிப்போனவர்களுக்கு அது ஆரம்பத்தில் விநோதமாக இருந்தது. ஒன்றை வெட்டிவிட்டு மற்றது விழும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு குனிந்து, முனகிக்கொண்டே, அடுத்ததை அறுக்கத் தொடங்கினார்கள்.