ஒன்பது பாட்டில் தண்ணீர்

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் பெற்றோர் கூட்டம் என்று அறிவியல் டீச்சர் ஜெயசுதா சொல்லியனுப்பியிருந்தார். மலையாண்டி தோப்பு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனார். ஒன்பதாவது படிக்கும் மகள் அமுதவள்ளியின் படிப்பு விஷயம் என்றால் அவர் எதையும் போட்டுவிட்டுப் போவார்.

டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இந்த வருஷம் முழுக்க அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம். மலையாண்டி எட்டாவது வரை படித்தவர். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். சோதனையில் கண்ணால் பார்த்ததைத்தான் நோட்டில் எழுத வேண்டும். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று மாற்றக் கூடாது. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும், சும்மா தலையாட்டக் கூடாது. கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டால் தானாக வந்து சொல்லிவிட வேண்டும், தண்டனை கிடையாது. எதையும் மூன்று தடவை அளக்காமல் முடிவு எழுதக் கூடாது. இதுவரைக்கும் அவருக்குச் சம்மதம்தான். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. ஆசிரியர் சொன்னது தவறு என்று பட்டால் கையைத் தூக்கிச் சொல்லலாம். ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும்.

அவர் எழுந்து நின்றார். "டீச்சர், இது மட்டும் சரியாப் படலையே. பிள்ளைக டீச்சரையே தப்புன்னு சொல்லலாம்னு நீங்களே எழுதிக் குடுத்தா, நாளைக்கு வீட்டுலயும் அப்படித்தான பேசும்?"

"பேசட்டும்ணே," என்றார் ஜெயசுதா. "ஆதாரத்தோட பேசுனா நீங்களும் கேட்டுக்கங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மலையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே அமுதவள்ளி நின்றுகொண்டு, கையெழுத்துப் போடுங்கய்யா என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். போட்டார்.

ஜூலை முதல் வாரத்தில் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும் என்றார் டீச்சர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று பள்ளிக்கு வந்திருந்தது. பேனா மாதிரி இருக்கும்; நுனியைத் தண்ணீரில் விட்டால் எண் தெரியும். அமுதவள்ளி சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் தோப்புக் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்து வைத்தாள். மலையாண்டி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல தண்ணீரா என்று பார்க்கிற சோதனை என்றால் தன் கிணறுதான் முதலில் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடல் அஞ்சு மைல்கூட இல்லாத ஊரில் எத்தனையோ கிணறு உவர்த்துப் போயிருக்க, பதினோரு வீடு அவர் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதைப் பற்றி அவர் வெளியே பெருமை பேசுவதில்லை. குடத்தோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார், அவ்வளவுதான்.

மறுநாள் அமுதவள்ளி சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே அவரிடம் வந்தாள்.

"அய்யா, நம்ம கிணறு சிவப்பு."

"என்னத்தா சிவப்பு?"

"ரெண்டாயிரத்துக்கு மேல காட்டுனா சிவப்பு. குடிக்க ஆகாதுன்னு அர்த்தம். நமக்கு ரெண்டாயிரத்து நூத்தி அம்பது. சுவத்துல பெரிய சார்ட்டு ஒட்டி, ஒவ்வொரு கிணத்துக்கும் வட்டம் போட்டுருக்காங்க."

மலையாண்டி மெதுவாகக் கேட்டார்: "அளந்து எழுதுனது யாரு?"

"நான்தான்."

"கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கக் கூடாதா?"

"பாத்தது அதுதான்ய்யா," என்றாள். தலை குனியவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பேச்சு ஊருக்குள் வர ஒரு நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி காலிக் குடத்தோடு வந்து நின்று, "அண்ணே, உங்க கிணத்துத் தண்ணி ஆகாதுன்னு பள்ளிக்கூடத்துல எழுதி ஒட்டியிருக்காகளாமே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே போனாள். அடுத்த நாள் நாலு வீட்டுக்காரர்கள் வரவில்லை. கேன் தண்ணீர் வண்டி தெருவுக்குள் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மலையாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வாரேன். அந்த டீச்சரை ரெண்டு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி மீனம்மாள், "போயி என்ன கேப்பீக?" என்றாள். "தண்ணி முன்ன மாதிரி இல்லதான். சாயங்காலம் எடுத்த தண்ணில பருப்பு வேகவே மாட்டேங்குது. விடியக்காலம் எடுத்து வச்சா வேகுது. நானே எத்தனை நாளா அதுலதான் உலை வைக்கிறேன்."

அமுதவள்ளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா, இன்னொரு தடவை சொல்லு."

மீனம்மாள் சொன்னாள். அமுதவள்ளி அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அய்யா, நான் பாட்டில் பிடிச்ச அன்னைக்கு மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"காலைல ஏழு மணிக்கு. தென்னைக்குப் பாயணும்ல. நீ வாரப்பத்தான் நிறுத்துனேன்."

"அப்ப பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்கு வராதீங்க. மூணு நாள் பொறுங்க. எனக்கு ஒம்போது பாட்டில் வேணும்."

மூன்று நாளும் அந்தப் பெண் சொன்னபடி மலையாண்டி செய்தார். விடிந்ததும் மோட்டார் போடும் முன்னே ஒரு பாட்டில். உச்சிப்பொழுதில் ஒன்று. மோட்டாரை நிறுத்தும்போது ஒன்று. அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவரே கயிற்றில் வாளி விட்டு மொண்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசி, நிரப்பி, அவள் எழுதி வைத்திருந்த சீட்டை ஒட்டினார். இரண்டாம் நாள் ஒரு சீட்டு கிழிந்தபோது, எந்த நேரத்துத் தண்ணீர் என்று சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, மகள் வரும்வரை அந்தப் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் ஒன்பது பாட்டிலையும் உரச் சாக்கில் அடுக்கி, டி.வி.எஸ். வண்டியில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனார். வகுப்பு வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் கிளம்பப் பார்த்தவரை ஜெயசுதா உள்ளே கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். சுவரில் அந்தச் சார்ட் இருந்தது. சிவப்பு வட்டத்துக்கு நேரே அவர் பெயர். மலையாண்டி அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமுதவள்ளி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க கிணத்துக்கு நீங்க எழுதுன முடிவு தப்புன்னு நினைக்கிறேன்."

மலையாண்டி ஜன்னலிலிருந்து சட்டென்று திரும்பினார்.

"மூணு தடவை அளந்துதானே எழுதினோம்?" என்றார் ஜெயசுதா.

"ஒரே பாட்டில்லதான் டீச்சர் மூணு தடவை அளந்தோம். அது மூணு தடவை ஆகாது. ஒரு தடவைதான். கிணறு காலைல ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கு."

டீச்சர் மீட்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பக்கத்து ஊர் புதுமடத்திலிருந்து வரும் சஃபீர் என்ற பையன் கரும்பலகையில் எண்களை எழுதினான். காலைப் பாட்டில்கள்: அறுநூற்றுப் பத்து, அறுநூற்று இருபத்தைந்து, அறுநூற்று ஐந்து. உச்சிவேளைத் தண்ணீர் மூன்றும் ஆயிரத்து இருநூறை ஒட்டி. சாயங்காலத் தண்ணீர் மூன்றுமே இரண்டாயிரத்தைத் தாண்டின. ஜெயசுதா மீட்டரை வாங்கிக் கழுவித் துடைத்து, ஒன்பதையும் தானே ஒரு முறை அளந்து பார்த்தார். பெரிய வித்தியாசம் இல்லை.

"ஏன் இப்படி?" என்று வகுப்பைக் கேட்டார்.

அமுதவள்ளியே சொன்னாள். "நல்ல தண்ணி மேல இருக்கு டீச்சர், உப்புத் தண்ணி அடியில இருக்கு. நாள் முழுக்க மோட்டார் இழுத்தா மேல உள்ளது தீந்து, அடியில கிடக்கிற உப்பு ஏறி வருது. ராத்திரி விட்டுட்டா மறுபடி நல்ல தண்ணி ஊறிருது. அப்படித்தான்னு நினைக்கிறேன். உறுதியாத் தெரியல."

சொல்லிவிட்டு ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். போன வருஷம்தான் அவர் பழைய மோட்டாரை எடுத்துவிட்டு அஞ்சு எச்.பி. மோட்டார் இறக்கியிருந்தார். ஊரே வந்து பார்த்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், அவர் உட்கார்ந்திருக்கும்போதே, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் சொன்னாள்.

ஜெயசுதா சார்ட்டின் பக்கம் போனார். சிவப்பு வட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பாதி பச்சையும் பாதி சிவப்புமாக வட்டம் வரைந்தார். பக்கத்தில் எழுதினார்: "ஆசிரியரின் முடிவு தவறு. ஆதாரத்துடன் திருத்தியவர் ம. அமுதவள்ளி." எழுதி முடித்துத் தேதியும் போட்டார். பிறகு வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் நோட்டுல எழுதிக்கங்க. எந்த நேரத்துல எடுத்த தண்ணின்னு எழுதாத அளவு அளவே இல்ல. இது நான் சொல்லிக் குடுத்திருக்க வேண்டியது, மறந்துட்டேன்," என்றார். அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. தன் வீட்டுப் பெண் பரிசு வாங்கியதுபோல நின்றுகொண்டிருந்தார்.

மலையாண்டி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். தன்னை அறியாமல் கையைத் தூக்கியிருந்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், நானும் ஒண்ணு சொல்லணும். தப்பு கிணத்து மேல இல்ல. என் மோட்டாரு மேல. நான்தான் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டுறேன்."

அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இல்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் அளந்து சொன்ன ஒன்றை மறுக்காமல் ஒத்துக்கொள்வதில் நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த வாரமே தோப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் மட்டும் மோட்டார் ஓட்ட ஆரம்பித்தார். குடிதண்ணீர் எடுப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும், அதன் பிறகுதான் மோட்டார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாகலெட்சுமி முதல் ஆளாக இரண்டு குடத்தோடு வந்தாள். சாயங்காலத் தண்ணீர் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் மாதக் கடைசியில் அளந்தபோது ஆயிரத்துக்குக் கீழே வந்திருந்தது.

பிறகு மற்ற தோப்புக்காரர்களும் தங்கள் கிணற்றை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஜெயசுதா சனிக்கிழமைகளில் மீட்டரை அமுதவள்ளியிடம் கொடுத்தனுப்பினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு. ஒரு காலையில் ஊரில் பெரிய நிலக்காரரான பூமிநாதன் தோப்பு வரப்பில் டி.வி.எஸ். வந்து நின்றது. அமுதவள்ளி நோட்டும் மீட்டருமாக இறங்கிக் கிணற்றை நோக்கி நடந்தாள். பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு மலையாண்டி பின்னால் போனார்.

"என்ன மலையாண்டி, பிள்ளைக்குத் துணைக்கு வந்தியாப்பா?" என்றார் பூமிநாதன்.

"இல்லண்ணே. வண்டி ஓட்ட வந்தேன். பை தூக்க வந்தேன்," என்றார் மலையாண்டி. "அந்தப் பிள்ளைக்கிட்டப் பேசுங்க. அதுக்குத்தான் தெரியும்."